எட்டாம் நம்பர்

என் மேல் மூன்று குற்றம் சொன்னார்கள். அரசாங்கச் சம்பளம் வாங்கும் நர்ஸ் அனுமதியில்லாத ஆராய்ச்சியில் போய் உட்கார்ந்தது ஒன்று. ஒரு குடும்பப் பெண்ணைக் கெடுத்தது இரண்டு. பெரிய மனிதர்கள் கூடிய இடத்தில் வாய் நீட்டியது மூன்று. முதலாவதை ஒப்புக்கொள்கிறேன். மூன்றாவதை இன்னொரு தடவை செய்யச் சொன்னாலும் செய்வேன். இரண்டாவதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. எட்டு வருஷம் கழித்து உட்கார்ந்து இதை எழுதுவதும் அதனால்தான்.

1978 ஐப்பசி மழையில் ஆரம்பித்தது. என் சித்தப்பா மகன் சோமசேகரன் அப்போது காரைக்காலில் ரசாயன விரிவுரையாளர். வீட்டில் சோமு. என்னைவிட ஒன்பது வயது சின்னவன், ஆனால் உலகத்தில் தனக்குத் தெரியாதது எதுவும் மிச்சமில்லை என்று நினைப்பு. எங்கேயோ பழைய பத்திரிகைக் கட்டு ஒன்றைப் படித்துவிட்டு மழையில் நனைந்தபடி என் குவார்ட்டர்ஸுக்கு வந்தான். மனதையே கலைத்துப் போடும் சில மருந்துகளை வெளிநாட்டில் டாக்டர்கள் குடிகாரர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்களாம். கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே ஓர் ஆளை உட்கார வைத்து, நாள் முழுக்கக் கவனித்தார்களாம். பலர் குடியை விட்டார்களாம். பிறகு அந்த அரசாங்கங்கள் மருந்தையும் தடுத்து ஆராய்ச்சியையும் மூடிவிட்டன.

"அவங்க மூடினா நாம ஏன்க்கா மூடணும்? அதே சரக்கு நம்ம வயக்காட்டுச் சாணியில காளானா மொளைச்சுக் கெடக்கு" என்றான்.

இப்போது போதைப் பொருளுக்கென்று தனிச் சட்டமே வந்துவிட்டது. அப்போது அது கிடையாது. இருந்திருந்தாலும் சோமு கேட்டிருக்க மாட்டான் என்பது வேறு விஷயம்.

குடிகாரர்களுக்கு எங்கள் ஊரில் பஞ்சம் இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் மதுவிலக்கு, இந்தப் பக்கம் சாராயக்கடை. சாயங்கால பஸ்ஸில் தெளிவாக வந்து இறங்குகிறவர்களைத் திரும்பும்போது மூட்டை மாதிரிதான் ஏற்றுவார்கள். வயிறு ஊதி, கண் மஞ்சளாகி வந்து படுத்த ஆண்களையும், மண்டை உடைந்து வந்த அவர்களுடைய பெண்டாட்டிகளையும் பதினெட்டு வருஷமாக ஆஸ்பத்திரியில் பார்த்தவள் நான். மாத்திரை கொடுத்தோம், புத்தி சொன்னோம், சாமி பேரில் சத்தியம் வாங்கினோம். ஒன்றும் நடக்கவில்லை. சோமு சொன்னது கிறுக்குத்தனமாகத்தான் இருந்தது. ஆனால் நாங்கள் அதுவரை செய்துகொண்டிருந்தது மட்டும் என்ன வாழ்ந்தது?

அவன் கேட்டுப் பார்த்த டாக்டர்கள் எல்லாரும் நழுவிவிட்டார்கள். கவனித்துக்கொள்ள ஆள் இல்லாமல் என்னிடம் வந்தான். நான் நிபந்தனைகள் போட்டேன். வருகிறவனுக்கு என்ன கொடுக்கிறோம், என்னவெல்லாம் ஆகலாம் என்று வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். நெஞ்சுக் கோளாறு உள்ளவன் கிடையாது. வீட்டு ஆள் ஒருத்தர் கூட வர வேண்டும். முதலிலிருந்து கடைசி வரை நான் எழுந்து போக மாட்டேன். எழுதுகிற நோட்டு என்னுடையது. அதில் என்னைத் தவிர யாரும் எழுதவும் கூடாது, அடிக்கவும் கூடாது.

"எல்லாம் சரிக்கா" என்றான். சரி என்று சொல்வது அவனுக்குச் சுலபம்.

கோட்டுச்சேரியில் ஓர் உரக்கடைக்கு மேல் இரண்டு அறைகளைத் தன் சம்பளத்தில் வாடகைக்குப் பிடித்தான். ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு, அவனுக்கும் லீவு. உள்ளறையில் ஒரு பாய், தலையணை, மண்பானையில் தண்ணீர், எனக்கு ஒரு நாற்காலி. கால் மணிக்கு ஒரு தடவை பல்ஸ், பிரஷர் பார்ப்பேன். பிறகு மூன்று கேள்வி. இன்றைக்கு என்ன கிழமை? உங்கள் ஊருக்கு எந்தப் பக்கம் பஸ் ஏற வேண்டும்? பத்து மரக்கால் நெல்லில் மூன்று மரக்கால் போனால் மிச்சம் எவ்வளவு? இந்தக் கேள்விகள் என் சொந்தச் சரக்கு. மூன்றுக்கும் அடுத்தடுத்து இரண்டு தடவை சரியாகப் பதில் வந்தால் மருந்து இறங்கிவிட்டது என்று அர்த்தம். அதற்குமேலும் ஒரு மணி நேரம் உட்கார வைத்துத்தான் அனுப்புவேன். நடுவில் அவர்கள் சொல்வதை அவர்கள் பேச்சிலேயே எழுத வேண்டும். திருத்தக் கூடாது, அழகு பண்ணக் கூடாது, ஆறுதல் சொல்லக் கூடாது. கடைசி விதி சோமு போட்டது. அதை மட்டும் நான் மதிக்கவில்லை. கை நீட்டி அழுகிறவனைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க நான் என்ன சுவரா?

முதல் ஆறு பேரை விலாவாரியாகச் சொல்லத் தேவையில்லை. தங்கப்பன் என்று ஒரு வண்டிக்காரர், மூன்றாம் நம்பர். செத்துப்போன தன் மகனோடு மூன்று மணி நேரம் பேசினார். 'இனிமே அந்தக் கருமத்தைத் தொடமாட்டேன்' என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சொன்னபடி தொடவும் இல்லை. ஆறில் நான்கு பேர் விட்டார்கள். சோமுவுக்குத் தரையில் கால் பாவவில்லை. எனக்கும் சந்தோஷம்தான், அதை மறைப்பானேன்.

தை மாதம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை ஏழாம் நம்பர் வந்தான். காத்தமுத்து, விழிதியூர், முப்பத்தெட்டு வயது. அண்ணன் இளையபெருமாள் ஊரில் பெரிய கை, ஐந்து வேலி நிலத்துக்காரர். தம்பியைத் திருத்த வேண்டும் என்று அவர்தான் தள்ளிக்கொண்டு வந்து சோமுவிடம் பெயர் கொடுத்தார். மற்ற ஆறு பேரும் அண்ணனையோ மச்சானையோ துணைக்குக் கூட்டி வந்தார்கள். காத்தமுத்து பெண்டாட்டியைக் கூட்டி வந்தான்.

அவள் பெயர் லோகாம்பாள். முப்பது முப்பத்தொன்று இருக்கும். வலது கையில் சுண்டு விரல் கோணியிருந்தது. ஒடிந்து, கட்டுப் போடாமல் தானே கூடிய எலும்பு. பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

"வெரலு என்னாச்சும்மா?"

"கெணத்தடியில வழுக்கி விழுந்துட்டேங்க" என்றாள், கீழே பார்த்துக்கொண்டு.

எங்கள் ஜில்லாவில் பெண்கள் எல்லாருமே கிணற்றடியில்தான் வழுக்கி விழுவார்கள். நானும் ஆஸ்பத்திரிச் சீட்டில் அப்படியேதான் எழுதி வந்திருக்கிறேன்.

இனி நாங்கள் செய்த தப்பைச் சொல்கிறேன். மருந்து என்று பொட்டலமாகக் கொடுத்தால் கிராமத்து ஜனம் மிரளும், பலகாரம் மாதிரி கொடுப்போம் என்பது சோமுவின் ஏற்பாடு. காளான் பொடியைத் தேங்காய் வெல்லப் பூரணத்தில் பிசைந்து உருட்டி, வாழை இலையில் வைத்துக் கொடுப்போம். ஆறு தடவையும் ஒரு தொந்தரவும் வரவில்லை, ஏனென்றால் ஆறு தடவையும் துணைக்கு வந்தது ஆண்பிள்ளை. இலையில் வைத்ததை முழுக்கத் தின்றுவிட்டு எழுந்து போகக் காத்தமுத்துவுக்குப் பழக்கமில்லை. கல்யாணமான நாள் முதல் பாதியைப் பெண்டாட்டிக்கு மிச்சம் வைத்து எழுந்திருக்கிறவன். அவளை அடிக்கிற கையால்தான் அதையும் ஒதுக்கி வைப்பான். அன்றைக்கும் வைத்தான்.

நான் ஜன்னலோரம் பிரஷர் மிஷினைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். "சாப்பிட்டாச்சுங்க" என்று வாயைத் துடைத்தான். நான் 9.40 என்று நோட்டில் எழுதினேன். லோகாம்பாள் வந்து இலையை மடித்து எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். நான் நர்ஸ். நோயாளி மாத்திரையை விழுங்கும்வரை வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும் என்பது பயிற்சியில் முதல் வாரத்துப் பாடம். அன்றைக்கு நான் பார்க்கவில்லை. அதற்கு யார் மேலும் பழி போடப் போவதில்லை.

10.25க்கு வெளியறையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். லோகாம்பாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தன் உள்ளங்கையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்மணி இரண்டும் அகல விரிந்திருந்தன.

"என்னத்தைத் தின்னே நீ?"

"அவரு எலையில வச்சதுங்க. எப்பயும் எனக்கு வைப்பாரு" என்றாள். அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

சோமுவின் முகம் சுண்டிவிட்டது. "இது கணக்குல வராதுக்கா. ரெண்டும் பாழ். ஏழாம் நம்பருக்கும் பாதிதான் போயிருக்கு" என்றான்.

"கணக்கு கெடக்கட்டும். உள்ள இருக்கற தலையணையை எடுத்தாந்து இங்க போடுடா" என்றேன்.

அவள் முன்னால் உட்கார்ந்து உள்ளதைச் சொன்னேன். இலையில் இருந்தது மருந்து, உன்னைக் கேட்காமல் உன் வயிற்றுக்குள் போய்விட்டது, தப்பு எங்களுடையது, சாயங்காலத்துக்குள் இறங்கிவிடும், அதுவரை நான் இங்கேயே இருக்கிறேன் என்றேன். அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. தலையை ஆட்டினாள். நோட்டில் புதுப் பக்கம் எடுத்து மேலே எட்டாம் நம்பர் என்று எழுதினேன். கையெழுத்து இடத்தில் 'கேட்கவில்லை' என்று எழுதினேன். அந்த நோட்டிலேயே வெட்கத்தோடு எழுதிய வார்த்தை அதுதான்.

உள்ளே காத்தமுத்து பாதி மருந்தில் பாதித் தூக்கமாகக் கிடந்தான். சோமு அவனோடு இருந்தான். நான் இவளோடு இருந்தேன்.

அவள் அதிகம் அலறவில்லை. பதினொரு மணிக்குச் சுண்ணாம்புச் சுவரில் தன் அம்மா வீட்டுக் குளம் தெரிகிறது என்றாள். அம்மா வீடு அம்பகரத்தூரில். அம்மா செத்து இரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. பன்னிரண்டுக்கு அழுதாள், என் மடியில் தலை வைத்துக்கொண்டாள். ஒரு மணிக்கு எழுந்து உட்கார்ந்து தன் வலது கையை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நோட்டில் இருப்பதை அப்படியே தருகிறேன்.

'1.05. பல்ஸ் 88. எங்கையி எவ்வளவு லெச்சணமா இருக்குங்க நர்சம்மா. இதை யாரும் பாத்ததே இல்ல. இந்த வெரலு மட்டும் ஏன் கோணிப்போச்சு? கெணத்தடி இல்லிங்க. காத்தமுத்து ஒடிச்சான். வாசப்படியில வச்சுக் கதவைச் சாத்தி ஒடிச்சான்.'

புருஷன் பெயர். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனால்கூட எங்கள் பக்கத்துப் பெண்கள் அதை வாயால் சொல்ல மாட்டார்கள். பக்கத்தில் நிற்கிறவரைச் சொல்லச் சொல்வார்கள். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும்போது நான் தினம் பார்க்கிற கூத்து அது. இவள் பெயரையும் சொல்லி, 'ஒடிச்சான்' என்றும் சொன்னாள். என் பேனா ஒரு நிமிஷம் நின்றுவிட்டது. பிறகு எழுதினேன்.

3.45க்கு மூன்று கேள்விக்கும் சரியாகச் சொன்னாள். நான்கு மணிக்கும் சரி. ஐந்து மணிக்குக் காபி குடித்தாள். 5.30க்கு மறுபடியும் எல்லாம் சரி, பல்ஸ் 76, கண்மணி பழையபடி. அப்போது எழுதியது: 'நான் இனிமே அந்த வீட்டுக்குப் போகமாட்டேன். எங்கம்மா வீட்டுக்குப் போறேன். காத்தமுத்து வந்து கூப்பிட்டாலும் போகமாட்டேன்.' இறங்கிய பிறகும் அதே பெயர், அதே வார்த்தை.

காத்தமுத்து எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தான். "எந்திரி, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"நீங்க போங்க. நான் வரலை" என்றாள்.

அவன் கை ஓங்கினான். நான் நடுவில் போய் நின்றேன். என் கையில் பிரஷர் மிஷின் இருந்தது. "ஐயையோ, பாதரசம்!" என்று சோமு அலறினான். அக்கா மண்டையைப் பற்றி அவன் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. காத்தமுத்து எங்கள் மூன்று பேரையும் பார்த்துக் காறித் துப்பிவிட்டுப் படியிறங்கினான். அன்று சாயங்காலமே சாராயக்கடையில் இருந்தான் என்று பிறகு தெரிந்தது. லோகாம்பாளை நான் காரைக்காலுக்கு என்னோடு கூட்டி வந்தேன்.

ஒரு வாரம் என் வீட்டில் இருந்தாள். எனக்குச் சமைக்க வராது. அந்த ஒரு வாரம் நான் நல்ல சாப்பாடு சாப்பிட்டேன். 'அம்பகரத்தூர் சாவி பக்கத்து வீட்டு அமுதத்துக்கிட்ட இருக்கு, போனா தரும்' என்று தினம் ஒரு தடவை சொல்வாள்.

வியாழக்கிழமை சோமு வந்தான். இளையபெருமாள் அவனுடைய கல்லூரி வாசலுக்கே வந்து நின்றிருக்கிறார். 'எங்க வீட்டுப் பொம்பளைக்கு மருந்து குடுத்துப் பைத்தியமாக்கிட்டீங்க. போலீசுக்குப் போகவா, இல்ல நீங்களே ஞாயத்தைச் சொல்லி அனுப்பி வைக்கிறீங்களா?' என்று கேட்டிருக்கிறார். தெற்கே ஒரு மந்திரிக்கிற ஆள் இருக்கிறானாம். நாற்பத்தெட்டு நாள் காலில் சங்கிலி போட்டு வைத்துத் தெளியவைப்பானாம். ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டம். அதில் சோமு எழுந்து, மருந்து இன்னும் அவள் தலையில் இருக்கிறது, அவள் சொல்வது அவள் பேச்சு இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர்கள் போலீசுக்குப் போக மாட்டார்கள்.

"சொல்றேன்னுட்டியா?"

"வேற என்னக்கா பண்றது? நோட்டுல அந்த ரெண்டு பக்கத்தை மட்டும் எடுத்துடுங்க. அவ நம்ம ஆராய்ச்சியிலயே கெடையாது."

"கிழிக்கறதுக்கா நான் எழுதினேன்?"

"மருந்து பேசினதை எழுதியிருக்கீங்க."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "தங்கப்பன் மருந்து தின்னுட்டு இனிமே குடிக்கமாட்டேன்னான். அதை முக்கியமா அடிக்கோடு போட்டு எழுதச் சொன்னே. இவ மருந்து தின்னுட்டு இனிமே அடி வாங்கமாட்டேங்கிறா. இது மட்டும் பைத்தியமா? ஆம்பளை அழுதா தெளிவு, பொம்பளை பேசினா கிறுக்கு, அப்படித்தானே உன் ரசாயனம்?"

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "நாலு வீட்டுல அடி நின்னிருக்குக்கா. இன்னும் பத்துப் பேர் பேரு குடுத்திருக்காங்க. போலீஸ் வந்தா எல்லாம் போச்சு. ஒருத்திக்காகப் பத்து வீட்டுப் பொம்பளைங்க அடி வாங்கணுமா?"

அவன் சொன்னது பொய்யில்லை. அந்தப் பத்துப் பேரில் இரண்டு பேரின் பெண்டாட்டிகளுக்கு நானே பிறகு தையல் போட்டேன். ஆனால் சமையலறையில் குழம்பு தாளித்துக்கொண்டிருந்தவளின் காலில் சங்கிலி போட்டுத்தான் அவர்களைக் காப்பாற்ற முடியும் என்றால், அந்தக் காரியத்துக்கு என் கையெழுத்து கிடையாது. அவனை வெளியே போகச் சொன்னேன். போனான். தாளித்த வாசனைக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போனான், பாவி.

அன்று லோகாம்பாளிடம் நோட்டில் அவளுடைய இரண்டு பக்கத்தையும் வாசித்துக் காட்டினேன். "இதை ஊர்க்கூட்டத்துல வாசிக்கலாமா? நீ வேணாம்னா இப்பவே அடுப்புல போடுறேன்" என்றேன். முதல் தடவை கேட்காமல் நடந்துவிட்டது. இந்தத் தடவையாவது கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று தோன்றியது. அவள் கோணல் விரலைத் தடவிக்கொண்டாள்.

"பேரு சொன்னதையும் வாசிப்பீங்களா?"

"நீ சொல்லு."

"வாசிங்க" என்றாள்.

பின்னால் வந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சோமுவை ஏனாமுக்குத் தூக்கியடித்தார்கள். அங்கே தெலுங்கு. இவன் தமிழிலேயே பிள்ளைகளுக்குப் புரியாதபடி பாடம் நடத்துகிறவன். எனக்கு மெமோ வந்தது. விளக்கம் கேட்டார்கள், பதினொரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். படிக்கச் சோம்பல்பட்டோ என்னவோ, வேலையை விட்டு அனுப்பாமல் ஒரு கிராமத்துச் சுகாதாரத் துணை நிலையத்துக்கு மாற்றினார்கள். உரக்கடை மாடியைக் காலி செய்தோம். இதெல்லாம் நடக்கும் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் ஏறும்போதே எனக்குத் தெரியும்.

விழிதியூர் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் பத்து மணிக்குக் கூட்டம். நாற்பது ஐம்பது ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் வேப்பமரத்தடியில் நின்றார்கள், என்னோடு வந்த லோகாம்பாளும் அங்கேதான் நின்றாள். சோமு ஒரு தூணில் சாய்ந்து நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். காத்தமுத்து காலையிலேயே ஊற்றிக்கொண்டு வந்திருந்தான். ஐந்தடி தூரத்தில் நாற்றம் அடித்தது. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தான்.

இளையபெருமாள் கெட்டவர் இல்லை. அதையும் சொல்ல வேண்டும். "நான் யாரையும் அடிச்சு இழுத்துட்டுப் போகச் சொல்லலீங்க. அந்தப் பொண்ணு இருந்தாத்தான் எந்தம்பி ஒருவேளையாச்சும் சோறு திங்கிறான். மருந்தால கெட்ட புத்தியைத் தெளியவச்சுக் குடும்பத்தைச் சேர்த்து வைக்கணும், அவ்வளவுதான்" என்றார். அவருக்குத் தம்பி மேல் அவ்வளவு பாசம்.

"புத்தி கெட்டிருக்கா இல்லையான்னு மொதல்ல பாத்துடலாங்களே" என்றேன்.

பொம்பளை நடுவில் பேசுகிறாள் என்று நாலைந்து பேர் முனகினார்கள். நான் நோட்டைப் பிரித்து, நேரம், பல்ஸ், பிரஷர் எல்லாம் சேர்த்து, வேண்டுமென்றே நிதானமாக வாசித்தேன். 1.05 வந்தது. வாசற்படியில் வைத்துக் கதவைச் சாத்தி விரலை ஒடித்ததை வாசித்தேன். அதற்கு மண்டபத்தில் யாரும் உச்சுக் கொட்டவில்லை. 'காத்தமுத்து' என்று அவள் சொன்னதற்குத்தான் கூட்டமே அதிர்ந்தது.

"கேட்டீங்களா? புருஷன் பேரைச் சொல்றவ புத்தியுள்ளவளா? இதுக்கு மேல என்ன அத்தாச்சி வேணும்?" என்றார் இளையபெருமாள்.

"இருங்க, இன்னும் இருக்கு" என்று நாலு மணி, ஐந்து மணி, ஐந்தரையை வாசித்தேன். மருந்து எப்போது இறங்கியது, எப்படித் தெரியும், மூன்று கேள்வி என்ன, எல்லாவற்றையும் சொன்னேன். "நம்பிக்கை இல்லேன்னா இப்ப உங்க முன்னாடியே கேக்கறேன். லோகாம்பா, இன்னிக்கு என்ன கெழம?"

"ஞாயித்துக்கெழமைங்க."

"இங்கேருந்து அம்பகரத்தூருக்கு எந்தப் பக்கம் பஸ் ஏறணும்?"

கையை நீட்டிக் காட்டினாள்.

"பத்து மரக்கால் நெல்லுல மூணு போனா?"

"ஏழுங்க. கூலி அளக்கறப்ப இவுங்க வீட்டுல ஆறரைதான் இருக்கும்" என்றாள். வேப்பமரத்தடியில் சிரிப்பு வந்தது.

நான் திரும்பி, "காத்தமுத்து, இன்னிக்கு என்ன கெழமைங்க?" என்று கேட்டேன்.

அவன் தலையைத் தூக்கினான். யோசித்தான். "வெள்ளி" என்றான்.

இந்தத் தடவை ஆண்களும் சிரித்தார்கள். இளையபெருமாள் சிரிக்கவில்லை. அவர் தூணைப் பார்த்துக் கேட்டார்: "சார், நீங்க சொல்லுங்க. நீங்கதான் படிச்சவரு, நீங்கதான் மருந்து குடுத்தது. அந்தம்மா எழுதியிருக்கறது நெசமா?"

சோமு என்னிடமிருந்து நோட்டை வாங்கினான். நான் கொடுக்கத் தயங்கினேன், கொடுத்தேன். இரண்டு பக்கத்தையும் முழுக்கப் படித்தான். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் காலுக்குச் சங்கிலி வந்துவிடும், அவன் வேலையும் பிழைத்துவிடும்.

"நேரமெல்லாம் சரியா இருக்குங்க" என்றான் கடைசியில். "மருந்து அன்னிக்கே நாலு மணிக்கு எறங்கிடுச்சு. அதுக்கப்புறம் அவங்க பேசினது அவங்க பேச்சுதான்." நோட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு மூக்கை உறிஞ்சினான். அந்த ஒரு வார்த்தைக்காக அவனுடைய எல்லாத் திமிரையும் மன்னித்துவிட்டேன்.

இளையபெருமாள் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். கடைசி முயற்சியாக நேரே லோகாம்பாளைப் பார்த்துக் கேட்டார்: "ஏம்மா, மருந்து தின்ன அன்னிக்குத்தானே இப்படியெல்லாம் பேசத் தோணுச்சு? அதுக்கு முந்தி இத்தன வருஷத்துல என்னிக்காவது ஒரு வார்த்தை எங்ககிட்ட சொல்லியிருக்கியா நீ?"

அவள் வேப்பமரத்தடியிலிருந்து மண்டபத்துப் படி வரை வந்தாள். ஆண்கள் உட்கார்ந்த இடத்துக்கு நேரே நின்றாள்.

"பதிமூணு வருஷமா கத்திக்கிட்டுத்தான் இருந்தேங்க. உங்க வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் நடுவுல ஒரே செவுருதான். வெரலு ஒடிஞ்ச அன்னிக்கு மூணு தெருவுக்குக் கேக்கக் கத்தினேன். நீங்க ஒருத்தரும் கதவைத் தொறக்கல. இப்ப சொல்லுங்க, இத்தன வருஷமா மருந்தைத் தின்னுட்டு மயங்கிக் கெடந்தது நானா, நீங்களா?"

வேப்பமரத்தடியில் நின்ற பெண்களில் ஒருத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள், யாரென்று எனக்குத் தெரியாது. லோகாம்பாள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் படியோரம் விட்ட செருப்பைப் போட்டுக்கொண்டு அம்பகரத்தூர் பஸ் வருகிற பக்கம் நடந்தாள். காத்தமுத்து எழுந்திருக்கப் பார்த்தான். இளையபெருமாள் அவன் தோளில் கை வைத்து உட்கார வைத்தார்.